கூர்விளிம்பும் வளைவிளிம்பும்

சவர்க்காரக் கட்டியொன்று கடையிலிருந்து வாங்கப்படும் நாளிற் கூரிய விளிம்புகளோடு காணப்படும். பத்து நாட் பாவனைக்குப் பின்னர் அவ்விளிம்புகள் இருந்த இடம் தெரியாது போய்விடும். ஆற்றுப்படுகையிற் கிடக்கும் கல்லும் அவ்வாறே. மலையிலிருந்து உடைந்து விழுந்த பொழுது பல கூர்முனைகளைக் கொண்டிருந்த அது, நீராலும் மணலாலும் உருட்டப்பட்டுக் காலப்போக்கிற் கூழாங்கல்லாகின்றது. இயற்கை கூர்மையை வெறுக்கின்றது போலும் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் இங்கு விருப்பும் வெறுப்பும் இல்லை. துருத்திக்கொண்டு நிற்கும் பகுதி எதுவோ அதுவே முதலில் தேயும் என்பதே காரணம்.

இயற்கை நெடுங்காலத்திற் செய்யும் இவ்வேலையை, மனிதன் தான் ஆக்கும் பொருள்களில் ஆக்கும்பொழுதே செய்துவிட வேண்டியிருக்கின்றது. வீட்டிலுள்ள பிளாஸ்ரிக் வாளி, தண்ணீர்க் குழாயின் பிடி, மின்விசிறியின் அடித்தட்டு, கைத்தொலைபேசி, மோட்டார் வண்டியின் கதவு ஆகியவற்றை உற்று நோக்குவோர், அவற்றில் உண்மையான கூர்விளிம்பு மிக அரிதாகவே உள்ளது என்பதைக் காண்பர். ஏதோ ஒரு சிறு வளைவு எங்கும் இருக்கும். அவ்வளைவு தற்செயலாக அமைந்ததன்று. யாரோ ஒருவர் அதற்கு இத்தனை மில்லிமீற்றர் என்று ஓர் அளவைத் தீர்மானித்திருக்கின்றார். இக்காலத்தில் அத்தீர்மானம் பெரும்பாலும் கணினித் திரையின் முன்னே செய்யப்படுகின்றது. கணினிவழி வடிவமைப்பிலே இச்செயலை ஆங்கிலத்தில் ‘ஃபில்லெற்’ என்பர். தமிழில் விளிம்பு வளைத்தல் எனலாம். சிறு வேலை போலத் தோன்றும் இதன் பின்னே நுண்ணிய கணிதமும் உண்டு. மனித உயிர்களைப் பலிகொண்ட துயர வரலாறும் உண்டு.

விளிம்புகள் வளைக்கப்படுவதற்குரிய காரணங்களுட் சில வெளிப்படையானவை. கூரிய விளிம்பு கையைக் கீறும். மோட்டார் வண்டிகளின் புறத்தே நீட்டி நிற்கும் பகுதிகளைப் பற்றி ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழு வகுத்த 26ஆம் இலக்க ஒழுங்குவிதி, அத்தகைய கடினமான பகுதிகளின் வளைவாரை பொதுவாக 2.5 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது எனக் கூறுகின்றது. வீதியிற் செல்வோர் மீது வண்டி உரசும்பொழுது காயம் கடுமையாதலைத் தடுப்பதே அதன் நோக்கம். இனி, வண்ணப்பூச்சு கூர்விளிம்பிலே தடித்து நில்லாது. இருபுறமும் விலகி அங்கு மெல்லிய படலமாகிவிடும். ஆதலால் இரும்பிலே துரு பெரும்பாலும் விளிம்பிலேயே தொடங்குகின்றது. வெட்டும் கருவியும் ஒரு காரணமாகும். உலோகக் கட்டியிலே குழி அகழும் கருவி சுழலும் உருளை வடிவினது. 10 மில்லிமீற்றர் விட்டமுள்ள கருவியாற் குழியின் உள்மூலையில் 5 மில்லிமீற்றர் ஆரையிலும் சிறிய வளைவை உண்டாக்க முடியாது. வடிவமைப்பாளர் கூரிய உள்மூலையைத் திரையில் வரைந்துவிடலாம். பட்டறையில் அதனை அக்கருவி கொண்டு வெட்ட இயலாது.

இவையெல்லாம் கண்ணுக்கும் கைக்கும் தெரியும் காரணங்கள். தெரியாத காரணம் ஒன்று உண்டு. அதுவே யாவற்றிலும் பெரியது. அது விசையைப் பற்றியது.

உலோகத் தகடு ஒன்றை இரு முனைகளிலும் பற்றி இழுத்தால், அவ்விழுவிசை தகட்டின் அகலம் முழுவதும் சமமாகப் பரவிச் செல்லும். தகட்டின் நடுவே ஒரு துளை இருக்குமாயின், விசை அத்துளையினூடாகச் செல்ல முடியாது. இரு பக்கங்களாலும் சுற்றிச் செல்லவேண்டும். ஆற்றின் நடுவே பாலத்தின் தூண் நிற்கும் இடத்தில், நீர் இருபுறமும் ஒதுங்கி நெருக்கமாக ஓடுவதை இதற்கு ஒருவாறு ஒப்பிடலாம். துளையின் ஓரத்தில் விசை நெருங்குகின்றது. அந்நெருக்கத்தையே பொறியியலாளர் தகைப்புச் செறிவு என்பர். துளை வட்டமானதாயின், அதன் ஓரத்தில் உண்டாகும் தகைப்பு, அகன்ற தகட்டின் ஏனைய இடத்திலுள்ள தகைப்பின் 3 மடங்காகும். இதனை ஜேர்மானியரான கேர்ஷ் என்பவர் 1898ஆம் ஆண்டிலே கணித்துக் காட்டினார்.

துளை வட்டமாக இல்லாது ஒடுங்கி நீண்டதாக இருந்தால் என்ன நிகழும்? இவ்வினாவுக்கு ஆங்கிலேயப் பொறியியலறிஞர் சார்ள்ஸ் இங்லிஸ் 1913இல் விடை கூறினார். இழுக்கும் திசைக்குக் குறுக்காக நீண்டு கிடக்கும் நீள்வட்டத் துளையை அவர் ஆராய்ந்தார். துளையின் நீளத்திற் பாதியை அதன் முனையின் வளைவாரையால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தை இரட்டித்து, ஒன்றைக் கூட்டினால், தகைப்பு எத்தனை மடங்காகும் என்பது கிடைக்கும். 50 மில்லிமீற்றர் நீளமான துளையொன்றின் முனை 1 மில்லிமீற்றர் ஆரையுடையதாயின், 25இன் வர்க்கமூலம் 5. அதன் இரட்டை 10. ஒன்றைக் கூட்ட 11. ஆகவே அம்முனையில் தகைப்பு 11 மடங்காகின்றது. முனை மேலும் கூர்மையாக ஆக, அம்மடங்கும் எல்லையின்றி ஏறும். தகட்டின் தடிப்பை இரட்டித்தாலும் இம்மடங்கு குறைவதில்லை. முனையின் ஆரையைக் கூட்டினால் குறையும். கூர்மை என்பது உருவத்தின் ஒரு பண்பு மட்டுமன்று, அது ஒரு சுமையும் ஆகும் என்பது இக்கணக்கின் பொருள்.

இதிலிருந்து மற்றொன்றும் பெறப்படும். பெட்டியொன்றின் வெளிமூலை எவ்வளவு கூர்மையாயினும், அங்கு விசை பெரிதும் செல்வதில்லை. அம்மூலை சும்மா இருக்கும். ஆபத்து உள்மூலையிலேயே உண்டு. சுவரும் தளமும் சந்திப்பது போன்ற உட்குழிந்த இடத்திலே விசை திசைமாறிச் செல்லவேண்டியிருப்பதால், அங்குதான் நெருக்கம் உண்டாகின்றது. கண்ணுக்கு அழகு வேண்டி வெளிவிளிம்புகளையெல்லாம் வளைத்துவிட்டு, ஒருவரும் காணாத உள்மூலையைக் கூர்மையாக விட்டுவைத்தல், வீட்டின் முகப்பைத் தீட்டிவிட்டு அத்திவாரத்தை மறந்ததற்கு ஒப்பாகும்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1941 தொடக்கம் 1945 வரை, ஐக்கிய அமெரிக்காவிலே ‘லிபேட்டி’ என்னும் வகையைச் சேர்ந்த சரக்குக் கப்பல்கள் 2,700க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. விரைவு வேண்டித் தகடுகள் ஆணியறைந்து பொருத்தப்படாமல் உருக்கி ஒட்டப்பட்டன. அவற்றுட் பல கப்பல்களின் மேற்றளங்களிற் பாரிய வெடிப்புகள் தோன்றின. சில கப்பல்கள் இரண்டாகவே பிளந்தன. காரணங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. அக்கால உருக்கு குளிர்ந்த நீரிலே நொறுங்குந்தன்மை அடைந்தது என்பதை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொன்ஸ்ரன்ஸ் ரிப்பர் அம்மையார் ஆராய்ந்து காட்டினார். ஒட்டப்பட்ட தகடுகளிலே, தொடங்கிய வெடிப்பை இடைமறித்து நிறுத்தும் பொருத்து எதுவும் இருக்கவில்லை. ஆயினும் வெடிப்பு எங்கே தொடங்கியது என்று தேடியபொழுது, அது பன்முறை சரக்கு இறக்கும் வாயில்களின் சதுர மூலைகளிலே தொடங்கியமை கண்டறியப்பட்டது. பின்னர் அம்மூலைகள் வளைக்கப்பட்டும் வலுவூட்டப்பட்டும் திருத்தப்பட்டன.

கடலிற் பெற்ற பாடம் வானிலும் மீண்டும் கற்கப்படவேண்டியிருந்தது. பிரித்தானியாவின் ‘கொமெற்’ விமானம், தாரை இயந்திரம் பூட்டிப் பயணிகளை ஏற்றிச்சென்ற முதல் விமானம் ஆகும். 1952ஆம் ஆண்டு மே மாதம் 2ஆந் திகதி இலண்டனிலிருந்து ஜொகன்னஸ்பேக் நோக்கி அதன் சேவை தொடங்கிற்று. 1954ஆம் ஆண்டு ஜனவரி 10ஆந் திகதி அவ்வகை விமானமொன்று இத்தாலியின் எல்பாத் தீவருகே வானிற் சிதறிக் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 35 பேரும் மாண்டனர். ஏப்ரில் 8ஆந் திகதி நேப்பிள்ஸ் நகருக்கு அண்மையில் மற்றொன்று வீழ்ந்தது. 21 பேர் மாண்டனர். முதல் விமானம் அதற்கு முன் ஏறத்தாழ 1,290 முறை மட்டுமே பறந்திருந்தது.

காரணத்தை அறியும் பொறுப்பு ஃபான்பரோவிலுள்ள அரச விமான நிலையத்தின் ஆராய்ச்சியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆர்னல்ட் ஹோல் என்பார் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். அதே வகை விமானமொன்றின் உடலை ஒரு பெருந் தொட்டியில் நீருள் அமிழ்த்தி, அறையினுள்ளும் நீரை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு பறப்பிலும் விமானத்தின் உடல் காற்றழுத்தத்தால் விரிந்து சுருங்குவதைத் திரும்பத் திரும்ப நிகழ்த்தினர். நீர் காற்றைப்போல அமுங்குவதில்லை. ஆதலால் உடல் பிளந்தாலும் வெடித்துச் சிதறாது. பிளவு தொடங்கிய இடத்தைக் காணலாம். முன்பே பறந்தவற்றோடு சேர்த்து 3,057 பறப்புகளுக்குச் சமமான சோதனையின் பின் உடல் பிளந்தது. பிளவு ஒரு சாளரவாயிலின் மூலையருகே தொடங்கியிருந்தது. கடலடியிலிருந்து மீட்கப்பட்ட சிதைவுகளிலோ, விமானத்தின் கூரைமீது வானொலிக் கருவிக்காக அமைந்த சாளரமொன்றின் மூலையருகே பிளவின் தொடக்கம் காணப்பட்டது.

கொமெற் விமானத்தின் சாளரங்கள் சதுரமாக இருந்தமையாலேயே அது வீழ்ந்தது என்று இன்றும் பலர் கூறுவர். அக்கூற்று முழு உண்மையன்று. அச்சாளரங்களின் மூலைகள் வளைக்கப்பட்டே இருந்தன. வளைவு போதியதாக இருக்கவில்லை என்பதே குறை. மெல்லிய தகடும், மூலையருகே ஆணிகளுக்கென இடப்பட்ட துளைகளும் அக்குறையைப் பெருக்கின. மூலைகளில் உண்டாகும் தகைப்பு, வடிவமைத்தோர் எதிர்பார்த்ததிலும் மிகுதியாக இருந்தது. விளிம்பை வளைக்கவேண்டும் என்பதை அவர்கள் அறியாதவர் அல்லர். எவ்வளவு வளைக்கவேண்டும் என்பதிலேயே பிழை நேர்ந்தது. ‘எவ்வளவு’ என்னும் அவ்வொரு வினாவே, இன்று கணினியின் முன் அமர்ந்து விளிம்பை வளைப்பவரிடமும் கேட்கப்படுகின்றது. கணினி கேட்பது ஆரை என்னும் ஓர் எண்ணை மட்டுமே.

அவ்வெண் கொடுக்கப்பட்டதும் கணினி என்ன செய்கின்றது என்பதை அறிய, அதற்கு முந்திய நிலையைச் சிறிது நோக்கவேண்டும். முற்காலத்தில் கப்பல் கட்டுவோர், பெரிய கூடத்தின் தளத்திலே கப்பலின் வளைவுகளை முழு அளவில் வரைந்தனர். மெல்லிய மரச்சலாகையை வளைத்து, ஈயக் குண்டுகளால் இடையிடையே பிடித்துவைத்து, அதன் ஓரமாகக் கோடு கீறினர். வளைந்த சலாகை இயல்பாகவே திடீர்த் திருப்பம் இல்லாத கோட்டைத் தந்தது. மோட்டார் வண்டித் தொழிலிலும் களிமண் உருவம், மர அச்சு, தகட்டு வார்ப்புரு ஆகியவை வழக்கில் இருந்தன. ஒரு வார்ப்புருவிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்பொழுது வடிவம் சிறிது சிறிதாக மாறிவிடுவதே அம்முறையின் தொல்லை.

இத்தொல்லையை நீக்க, வளைவை மரத்திலன்றி எண்களில் எழுத முயன்றோர் இருவர். இருவரும் பிரெஞ்சுக்காரர். சித்ரோயன் நிறுவனத்தில் இருந்த போல் டி காஸ்தெல்ஜோ 1959ஆம் ஆண்டளவில் ஒரு முறையைக் கண்டார். நிறுவனம் அதனை இரகசியமாக வைத்திருந்தது. ரெனோ நிறுவனத்தில் இருந்த பியர் பெஸியே 1960களில் அத்தகைய வளைவுகளைத் தாமாகவே கண்டு வெளியிட்டார். அதனால் அவை பெஸியே வளையிகள் எனப் பெயர்பெற்றன. அதே காலப்பகுதியில், 1963இல், மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஐவன் சதர்லண்ட் என்னும் மாணவர், கணினித் திரையிலே ஒளிப்பேனாவால் வரையும் ‘ஸ்கெச்பாட்’ என்னும் ஒழுங்கை அமைத்துக் காட்டினார்.

டி காஸ்தெல்ஜோவின் முறையைப் பென்சிலும் தாளும் கொண்டு எவரும் செய்து பார்க்கலாம். இரண்டு நேர்கோடுகள் ஒரு கூர்மூலையிற் சந்திப்பதாகக் கொள்க. ஒரு கோட்டின் மறுமுனையை அ என்றும், மூலையை ஆ என்றும், மற்றைக் கோட்டின் மறுமுனையை இ என்றும் குறிக்க. அ, ஆ என்பவற்றின் நடுப்புள்ளியையும், ஆ, இ என்பவற்றின் நடுப்புள்ளியையும் ஒரு கோட்டால் இணைக்க. அக்கோட்டின் நடுப்புள்ளி வளையியின் மேலுள்ள ஒரு புள்ளியாகும். நடுப்புள்ளிக்குப் பதிலாக மூன்றிலொரு பங்கு, நான்கிலொரு பங்கு என எப்பங்கை எடுத்தாலும், மூன்று கோடுகளிலும் அதே பங்கையே எடுத்தால், வளையியின் வேறொரு புள்ளி கிடைக்கும். இப்புள்ளிகளைத் தொடுத்தால், அ என்னும் இடத்தில் முதற் கோட்டைத் தொட்டவாறு புறப்பட்டு, மூலையை எட்டாமலே திரும்பி, இ என்னும் இடத்தில் மற்றைக் கோட்டைத் தொட்டவாறு முடியும் ஓர் அழகிய வளைவு தோன்றும். கூர்மூலை மழுங்கிவிட்டது. கழித்தலும் வகுத்தலும் மட்டுமே தெரிந்த பொறி கூட இதனைச் செய்யலாம். கணினி செய்வதும் இத்தகையதே.

தாளில் கோடு போதும். உண்மைப் பொருளிலோ மேற்பரப்புகள் உள்ளன. இரண்டு மேற்பரப்புகள் சந்திக்கும் விளிம்பை வளைப்பதற்குக் கணினி கையாளும் பொதுவான முறை, உருளும் பந்தின் முறையாகும். ஓர் அறையின் தளமும் சுவரும் சந்திக்கும் மூலையில் 10 சென்ரிமீற்றர் ஆரையுள்ள பந்தொன்று வைக்கப்பட்டிருப்பதாக நேயர்கள் மனத்திற் கொள்ளலாம். பந்து தளத்தை ஓரிடத்திலும் சுவரை ஓரிடத்திலும் தொடும். மூலையை ஒட்டி அதனை உருட்டினால், தளத்தின்மேல் ஒரு கோடும் சுவரின்மேல் ஒரு கோடும் அது தொட்ட தடமாக அமையும். பந்துக்கும் மூலைக்கும் இடையே பந்து புகாத ஒரு வெளி எஞ்சும். அவ்வெளியைச் சாந்திட்டு நிரப்பினால் மூலை மறைந்து, தளமும் சுவரும் மெதுவாக ஒன்றாகும். பொருளின் வெளிவிளிம்பை வளைக்கும்பொழுதோ, பந்து பொருளின் உட்புறத்தே உருளுவதாகக் கொள்ளவேண்டும்; பந்து எட்டாத கூர்ப்பகுதி வெட்டி நீக்கப்படும்.

கணினிக்குப் பந்தும் இல்லை, சாந்தும் இல்லை. அது மூன்று படிகளில் இதனைக் கணிக்கின்றது. முதலாவதாக, இரு மேற்பரப்புகளையும் கொடுக்கப்பட்ட ஆரையின் அளவுக்கு நகர்த்தி, நகர்ந்த பரப்புகள் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று காணும். அதுவே பந்தின் மையம் செல்லும் பாதை. இரண்டாவதாக, அப்பாதையிலிருந்து ஒவ்வொரு பரப்புக்கும் செங்குத்துக் கோடுகளை இறக்கித் தொடுதடங்களைக் காணும். மூன்றாவதாக, பழைய பரப்புகளை அத்தடங்கள் வரை கத்தரித்து, இடையே புதிய வளைபரப்பைப் பொருத்தும்.

பக்கம் 10 சென்ரிமீற்றரான கனவுருவம் ஒன்றை எடுத்து, அதன் விளிம்புகள் 12ஐயும் 1 சென்ரிமீற்றர் ஆரைக்கு வளைத்தால், ஒவ்வொரு விளிம்பும் உருளையின் காற்பங்காகும். மூலைகள் 8உம் கோளத்தின் எட்டிலொரு பங்குகளாகும். தட்டையான முகங்கள் 6உம் 8 சென்ரிமீற்றர்ச் சதுரங்களாகச் சுருங்கும். முன்பு 6 முகங்கள் மட்டும் இருந்த பொருள் இப்போது 26 முகங்களை உடையதாகின்றது. மூலைத் துண்டுகள் எட்டையும் ஒன்றுசேர்த்தால் ஒரு முழுக்கோளம் கிடைக்கும் என்பதும் இன்பம் பயக்கும் செய்தியாகும்.

அதே கனவுருவத்துக்கு 5 சென்ரிமீற்றர் ஆரையைக் கொடுத்தால், தட்டையான பகுதி முற்றாக மறைந்து பொருள் முழுவதும் கோளமாகிவிடும். 6 சென்ரிமீற்றரைக் கொடுத்தால், கணினி மறுத்துவிடும். வடிவமைப்பு பயில்வோர் இம்மறுப்பைக் கண்டு மென்பொருளை நொந்துகொள்வதுண்டு. ஆனால் 6 சென்ரிமீற்றர் ஆரையுள்ள பந்து 10 சென்ரிமீற்றர்ப் பெட்டிக்குள் எவ்வாறு புகும்? பந்துக்கு இடமில்லை என்பதே அம்மறுப்பின் பொருள். ஒடுங்கிய பள்ளத்திலும், பந்தின் ஆரையிலும் நெருக்கமாக வளைந்த குழியிலும் இவ்வாறே நேரும். மறுப்பு வந்த இடத்தில் ஆரையை ஒவ்வொரு மில்லிமீற்றராகக் குறைத்துத் தட்டிப் பார்ப்பதிலும், எந்த இடத்திற் பந்து இடறுகின்றது என்று மனக்கண்ணாற் பார்ப்பதே பயன் தருவதாகும்.

மூன்று விளிம்புகள் வெவ்வேறு ஆரைகளோடு ஒரு மூலையிற் சந்திக்கும்பொழுது சிக்கல் மேலும் பெரிதாகும். ஒன்று 8 மில்லிமீற்றர், ஒன்று 5, மற்றது 3 என்றிருப்பின், எந்த ஒரு கோளத்துண்டும் அம்மூலையை மூடமாட்டாது. அங்கு தனியான ஓர் ஒட்டுப்பரப்பு வேண்டும். அன்றேல் வளைக்கும் ஒழுங்கை ஆராய்ந்து கொள்ளவேண்டும். பேராரைகளை முதலிலும் சிற்றாரைகளைப் பின்னரும் வளைத்தல் பொதுவாகக் கைகொடுக்கும் வழக்கமாகும். முதலிற் பெரிய விளிம்பு வளைந்துவிட்டால், சிறிய பந்து அவ்வளைவின் மீது தடையின்றி உருண்டு செல்லும்.

விசைக்கும் கைக்கும் ஏற்ற வளைவு கண்ணுக்கும் ஏற்றதாகும் என்று கூறமுடியாது. வட்டவில்லால் வளைக்கப்பட்ட விளிம்பில், தட்டையான பரப்பிலிருந்து வில் தொடங்கும் இடத்தே திசை மாறுவதில்லை. ஆனால் வளைவு திடீரென மாறுகின்றது. ஒரு கணம் முன்புவரை வளைவே இல்லை, அடுத்த கணம் முழு வளைவு. புகையிரதப் பாதை அமைப்போர் இதனை நன்கறிவர். நேர்ப்பாதையிலிருந்து நேரே வட்டப்பாதைக்குள் வண்டியைத் திருப்பினால் பயணிகள் பக்கவாட்டிலே தள்ளப்படுவர். ஆதலால் இடையே சிறிது சிறிதாக வளைவு கூடும் மாறுபாதை ஒன்றை அமைப்பர். மின்னும் பரப்பின்மீது ஒளிக்கும் அத்தகைய ‘பயணம்’ உண்டு. மோட்டார் வண்டியின் பக்கத்திலே தெரியும் விளக்குகளின் பிரதிபலிப்பு, வளைவு திடீரென மாறும் இடத்தில் ஒடிந்து காணப்படும். விரலாற் தடவினால் தெரியாத குறையைக் கண் கண்டுபிடித்துவிடும். இதனாலேயே வண்டியின் புறப்பரப்பை வடிவமைப்போர், இடத்தாலும் திசையாலும் மட்டுமன்றி வளைவாலும் பரப்புகளை இசையவைக்கின்றனர். பிழையைக் காண்பதற்குக் கணினி அப்பரப்பின்மீது கறுப்பு வெள்ளைப் பட்டைகள் பிரதிபலிப்பதுபோலக் காட்டும். பட்டைகள் இணைப்பில் விலகினால் பரப்புகள் திசையிலே இசையவில்லை என்றும், முறிந்து தொடர்ந்தால் திசையில் மட்டும் இசைந்துள்ளன என்றும், வழுவழுப்பாகத் தொடர்ந்தால் வளைவிலும் இசைந்துள்ளன என்றும் அறிந்துகொள்வர்.

ஆயின் எல்லா விளிம்புகளையும் வளைத்துவிடலாமா? ஆகாது. கத்தியின் வாய் கூர்மையாக இருந்தாலன்றிக் கத்தியாகாது. விமானச் சிறகின் பின்விளிம்பு மெலிந்து கூர்மையாக முடிவதனாலேயே காற்று அவ்விடத்தை ஒழுங்காக விட்டு நீங்குகின்றது. சிறகைத் தாங்கும் விசைக்கு அது துணைசெய்கின்றது. அளவுக்கு மிஞ்சிய வளைவு பொருளின் எடையையோ செலவையோ கூட்டுவதும் உண்டு. பிளாஸ்ரிக்கை உருக்கி வார்க்கும் பொருள்களிலே, சுவரின் தடிப்பு 3 மில்லிமீற்றரும் உள்மூலையின் ஆரை 2 மில்லிமீற்றருமாயின், வெளிமூலையின் ஆரை 5 மில்லிமீற்றராக இருத்தல் நன்று. அப்பொழுதே மூலையிலும் தடிப்பு 3 மில்லிமீற்றராகவே இருக்கும். உள்மூலையை வளைத்து வெளிமூலையைக் கூர்மையாக விட்டால், மூலை தடித்து, ஏனைய இடங்களிலும் தாமதித்துக் குளிர்ந்து, பொருள் கோணிவிடும். ஆகவே வளைத்தல் என்பது ஒவ்வொரு விளிம்பிடமும் அதன் தொழில் யாதெனக் கேட்டறிந்து செய்யும் வேலையாகும்.

அத்தொழில் யாதென்பது கணினிக்குத் தெரியாது. எண்ணைக் கொடுத்தால் அது பிழையின்றி வளைக்கும். வேண்டுமாயின், கொடுக்கப்பட்ட சுமைக்கு எவ்விடத்தில் எவ்வளவு தகைப்பு உண்டாகும் என்பதையும் நிறம்தீட்டிக் காட்டும். ஆனால் என்ன சுமை வரும், எத்தனை ஆயிரம் முறை வரும், அருகிலே எந்த ஆணித்துளை இடப்படும், அப்பொருளை நம்பி யார் பயணம் செய்வர் என்பவற்றை எண்ணிப் பார்க்கவேண்டியவர் மனிதரே. கொமெற் விமானத்தின் பின்னைய வகை, திருத்தப்பட்ட உடலோடும் வட்டமான சாளரங்களோடும், 1958ஆம் ஆண்டு ஒக்ரோபர் 4ஆந் திகதி அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கும் சேவையைத் தொடங்கியது. இன்று பயணிகள் விமானத்திற் செல்வோர் தம் அருகே காணும் சாளரத்தின் மூலைகள் நன்கு வளைந்திருப்பது அலங்காரத்துக்காக அன்று.

பொறியியலாளரிடையே பழைய வழக்கம் ஒன்று உண்டு. தகடொன்றில் வெடிப்புத் தோன்றி நீண்டு செல்லும்பொழுது, உடனே தகட்டை மாற்ற இயலாதாயின், அவ்வெடிப்பின் முனையிலே சிறு வட்டத்துளை ஒன்றைத் துளைப்பர். உடைந்த பொருளில் மேலும் ஓர் ஓட்டை இடுவதா என்று பார்ப்பவர் வியக்கலாம். ஆனால் எல்லையற்ற கூர்மையுடைய வெடிப்பின் முனைக்கு அத்துளை ஓர் ஆரையைக் கொடுக்கின்றது. நெருங்கிய விசை அங்கு சற்றே விரிந்து செல்ல வழி பிறக்கின்றது. வெடிப்பு பெரும்பாலும் சிலகாலமேனும் அவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றது. சில மில்லிமீற்றர் ஆரை ஒரு தகட்டைக் காக்கின்றது. அதே சில மில்லிமீற்றரை முற்கூட்டியே, வடிவம் திரையில் இருக்கும்பொழுதே, ஆராய்ந்து இடுபவர் அத்தகட்டை நம்பி வாழும் மக்களைக் காக்கின்றார்.